கொப்பரை உலர்த்துவதில் உஷ்ணத்தைச் சேமித்தல்

கோயமுத்தூர், திருப்பூர் ஜில்லாக்களில் தென்னை வைத்திருக்கும் சிறு குடியானவர்களிற் பலர், காய்க்கு விலை தாழ்ந்திருக்குங் காலத்தில் அதை அப்படியே விற்றுவிடாமல் கொப்பரையாக்கி விற்பது வழக்கம். மாசி முதல் வைகாசி வரையில் இவ்வேலை எளிது. வெயில் கடுமையாயிருப்பதால், சிமெண்டுக் களத்தில் பரப்பிய பருப்பு ஆறு, ஏழு நாட்களில் பதமாகிவிடுகிறது. ஆனி பிறந்ததும் நிலைமை மாறுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் பருவக்காற்று, பொள்ளாச்சிப் பக்கத்திற்கு மேகத்தையும் தூறலையும் கொண்டுவருகிறது. அது ஓய்ந்து சில வாரங்களுக்குள் ஐப்பசி மழை தொடங்குகிறது. இவ்வாறு வருஷத்தில் பல மாதங்களுக்குக் களத்தை மட்டும் நம்பிக் காய் உடைப்பது துணிகரமான காரியமாகிறது. அம்மாதங்களில் விறகையோ சிரட்டையையோ எரித்து உலர்த்த வேண்டும். இயலாதவர்கள் காயை வந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

விறகின் விலையும், அதை வெட்டிக் கொண்டுவரும் கூலியும் ஏறிவிட்டன. சிரட்டையோ முன்போல வீட்டடுப்புக்கு மட்டும் உரிய பொருளன்று. அதைச் சுட்டுக் கரியாக்கி, அக்கரியிலிருந்து வடிகட்டுங் கரி செய்யும் தொழிற்சாலைகள் கொங்கு நாட்டிலேயே உள்ளன. ஆகவே சிரட்டையை எரிப்பவர், விற்றுப் பணமாக்கக்கூடிய ஒரு சரக்கையே எரிக்கிறார். பகலில் வீணாய்ப் போகும் சூரிய வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து இரவில் உபயோகிக்கலாம் என்னும் யோசனை இக்காரணத்தாலேயே கவனத்திற்கு உரியதாகிறது.

இது புதிய யோசனையன்று. நாள் முழுதும் வெயிலேற்ற களத்தில் இரவு எட்டு மணிக்குக் கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். களக்காரர்கள் பனி இறங்குமுன் பருப்பைக் கூட்டித் தார்ப்பாய் போடுவதும், மறுநாள் களம் காய்ந்த பின்னரே பரப்புவதும் இதை உத்தேசித்தே. 10 சென்டிமீட்டர் கனமுள்ள சிமெண்டுத் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 240 கிலோ எடையுள்ளது. அவ்வளவு கனமும் வெப்பத்தை விழுங்கி வைத்திருக்கிறது. சமீப காலத்தில் பாலிதீன் கூடார உலர்த்திகளும், கண்ணாடி மூடிய காற்றுச் சூடேற்றிகளும் பரவியபின், கருங்கல் ஜல்லி, நீர், மெழுகு முதலியவற்றில் உஷ்ணத்தைச் சேமிக்கும் அமைப்புகளும் சேர்த்து விற்கப்படுகின்றன. இவற்றை விற்பவர்களிற் சிலர், இரவும் பகலும் ஓயாமல் உலரும் என்று கூறுவதுண்டு. அது எவ்வளவு உண்மை என்பதைப் பணம் கொடுக்குமுன் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

1000 காய்க்குரிய கணக்கு

1000 காயை உடைத்து நீர் வடித்தால் கிடைக்கும் பருப்பு சுமார் 280 கிலோ இருக்கும். அதிற் சரிபாதி நீர். நன்கு உலர்ந்த கொப்பரையில் 100க்கு 6 பங்கு ஈரமே இருக்கலாம். ஆகையால் 280 கிலோ பருப்பு, 150 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கொப்பரையாவதற்குள், ஏறக்குறைய 130 கிலோ நீர் ஆவியாகி வெளியேற வேண்டும்.

1 கிலோ நீரை 1 டிகிரி சென்டிகிரேட் சூடேற்றுவதற்கு வேண்டிய உஷ்ணத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால், அந்த 1 கிலோ நீரை உலர்த்தியின் மிதமான சூட்டில் ஆவியாக்க 575 அலகு வேண்டும். 130 கிலோவுக்குச் சுமார் 75,000 அலகு. காய்ந்த விறகு 1 கிலோ எரிந்தால் 4,000 அலகு தரும். அவ்வளவும் பருப்பையே சென்று சேருமாயின் 19 கிலோ விறகு போதும். 19 கிலோ விறகில் 1000 காயை உலர்த்திய குடியானவர் எவருமிலர்; அதைப்போல் பல மடங்கு செலவாகிறது. மிகுதி புகையோடும், முழு வேலை செய்யாமல் வெளியேறும் சூடான காற்றோடும், அடுப்பின் சுவரோடும் போய்விடுகிறது.

இனிக் கல்லைப் பார்ப்போமாயின், கருங்கல் உஷ்ணத்தைக் கொள்ளும் சக்தி நீரின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான். 1 கன மீட்டர் ஜல்லி 1,600 கிலோ எடையிருக்கும். அது பகலில் 55 டிகிரி வரை ஏறி, இரவில் 35 டிகிரிக்கு இறங்கினால் வெளிவிடுவது 6,400 அலகு. இது 11 கிலோ நீரை ஆவியாக்கப் போதுமானது. 130 கிலோவில் 11 கிலோ என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதுவும் சிறிதும் வீணாகாதிருந்தால். இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் கல்லைத் தள்ளிவிடவே விரும்புவார்.

ஆனால் நீர் எல்லா நாளும் ஒரே அளவாக வெளியேறுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நல்ல கொப்பரைக்கு, முதல் 24 மணி நேரத்தில் ஈரம் 100க்கு 35ஆகவும், அடுத்த 24 மணியில் 20ஆகவும், மூன்றாம் நாளில் 6ஆகவும் குறைய வேண்டும் என்பது உலர்த்தும் முறையில் தேர்ந்தவர்கள் கொண்டுள்ள அளவு. இதன்படி மேற்கண்ட 1000 காயில் முதல் நாளில் வெளியேற வேண்டிய நீர் 65 கிலோ. இரண்டாம் நாளில் 40. மூன்றாம் நாளில் 26 மட்டுமே. முதல் இரவில் 11 கிலோ என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்றாம் இரவில் அதே 11 கிலோ, அன்றைய வேலையில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதியாகும்.

இரவில் நேரும் நஷ்டம்

கல்லின் உபயோகம் நீரை ஆவியாக்குவதோடு முடிவதன்று. பகலில் உலர்ந்ததை இரவு கெடுத்துவிடாமல் காப்பதே அதன் பெரிய உபயோகம். மழைக்காலத்து இரவில் காற்று 25 டிகிரியில், கொள்ளக்கூடிய ஈரத்தில் 100க்கு 90 பங்கைக் கொண்டிருப்பது சாதாரணம். அரை உலர்ந்த பருப்பு இக்காற்றில் உலர்வதில்லை. மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரமாயுள்ள துண்டுகள், மேற்புறத்தில் மீண்டும் ஈரத்தை வாங்கிக்கொள்கின்றன. அவ்வீரத்தை மறுநாள் வெயில் முதலில் போக்கிவிட்டுப் பிறகுதான் உள் ஈரத்தில் கை வைக்க முடியும்.

அதே காற்றை 5 டிகிரி மட்டும் சூடேற்றி 30 டிகிரியாக்கினால், அதிலிருந்து ஒரு துளி நீரும் நீக்கப்படாமலேயே அதன் ஈர நிலை 100க்கு 67 ஆகிவிடும். 10 டிகிரி ஏற்றினால் 51 ஆகும். சூடேறிய காற்றுக்கு நீரைக் கொள்ளும் சக்தி பெருகுவதே இதற்குக் காரணம். பொருள்களைக் கெடுக்கும் பூஞ்சாணங்களில் பெரும்பாலானவை ஈர நிலை 65, 70க்குக் கீழே வளருவதில்லை. மஞ்சட் பச்சை நிறமாய்ப் படரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சாணத்திற்கு 80க்கு மேல் வேண்டும். ஆகவே வெறும் 5 டிகிரிச் சூடு, பூஞ்சாணம் வளரும் இரவை வளராத இரவாக மாற்றிவிடுகிறது. 1 கன மீட்டர் ஜல்லியிலுள்ள சூடு, மணிக்கு 300 கன மீட்டர் காற்றை இரவு முழுவதும் அவ்வளவு சூடேற்றி வைக்கப் போதும்.

மேற்சொன்ன பூஞ்சாணத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. 1960ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதே, இப்பூஞ்சாணம் உண்டாக்கும் அப்ளாடாக்ஸின் என்னும் விஷம் அறியப்பட்டது. ஈரக் கொப்பரையிலும் இவ்விஷம் உண்டாகும். தேங்காய்ப் பிண்ணாக்கைத் தின்னும் கறவை மாட்டின் பாலில் அதன் மாற்றுருவம் இறங்குகிறது. கொப்பரை வெண்மையாகத் தெரியவும் பூஞ்சாணம் பிடியாதிருக்கவும் கந்தகப் புகை ஊட்டும் வழக்கம் சில களங்களில் உண்டு. அது குறையை மறைத்து, உண்ணும் கொப்பரையைக் கெடுக்கும் வழக்கமாதலால் விட்டொழிக்கத்தக்கது.

மெல்லிய இரவுச் சூட்டினால் மற்றோர் அனுகூலமுமுண்டு. துண்டின் நடுவிலுள்ள ஈரம் மேற்புறத்திற்கு வந்து சேர நேரம் பிடிக்கிறது. இரவில் பருப்பு மிதமான சூட்டில் கிடக்குமானால், உள்ளும் புறமும் ஈரம் ஒரே நிலைக்கு வருகிறது. மறுநாட்காலை வெயில் ஏறியதும் நீர் தாராளமாய் வெளியேறத் தொடங்குகிறது. குளிர்ந்து கிடந்த பருப்பைச் சூடேற்றவே காலை வெயிலில் ஒரு பகுதி செலவாகிவிடும்.

கல்லறை அமைக்கும் முறை

கருங்கல் ஜல்லியில் ஒன்றரை அங்குல ஜல்லி ஏற்றது. ஒரே அளவாய்ச் சலித்து, தூள் போகக் கழுவி, வெயிலில் உலர்த்திய பின்னரே நிரப்ப வேண்டும். சிறு ஜல்லியும் பெரு ஜல்லியும் கலந்தால் இடைவெளி அடைபட்டுக் காற்றுப் போகாது. ஆற்றுக் கூழாங்கல்லும் ஏற்றதே. ஆனால் அதற்காக ஆற்றைத் தோண்டுவது வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லும் மண்கலந்த கல்லும் தூளாகிக் கொப்பரையில் படியும். செங்கற் சுவரெழுப்பி, உட்புறத்தில் உலர்ந்த உமியை 15 சென்டிமீட்டர் கனத்திற்கு நெருக்கி, மீண்டும் ஒரு தகட்டுச் சுவர் வைத்தால் சூடு வெளியேறாது. உமி நனையுமானால் பிரயோஜனமில்லை. ஆதலின் அடித்தளம் தரைக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். காற்றுப் புகும் வாயில்களில் கம்பிவலை அடிக்காமல் விட்டால் எலியும் தேளும் குடியேறும்.

சூடான காற்று மேலிருந்து கீழாகவும், இரவில் எடுக்கும்போது கீழிருந்து மேலாகவும் செல்ல வேண்டும். மேற்கற்கள் முதலில் நன்றாய்ச் சூடேறி, அடிக்கற்கள் குளிர்ந்தபடியே இருக்கும். இரவில் குளிர்ந்த காற்று அடியில் நுழைந்து, மேலே ஏறும்போது கடைசியாக மிகச் சூடான கற்களைத் தொட்டு வெளிவரும். இம்முறையைத் தலைகீழாய்ச் செய்துவிட்டு, கல் வேலை செய்யவில்லை என்று குறைகூறுவதுண்டு.

கல்லுக்கு எப்போது சூட்டை ஊட்டுவது என்பதிலேதான் பெரும்பாலார் தவறுகின்றனர். கல் புதிதாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. பகலில் பருப்புக்குச் செல்லவேண்டியதை எடுத்து இரவுக்கு வைப்பதானால் லாபமில்லை. மேகமற்ற நாளில் 1 சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய வெப்பம் ஏறக்குறைய 4,300 அலகு. நல்ல காற்றுச் சூடேற்றி அதில் 100க்கு 40 பங்கைப் பிடித்தால் 1,700 அலகு கிடைக்கும். ஆகவே 1 கன மீட்டர் ஜல்லியை நிரப்புவதற்கே 4 சதுர மீட்டர்ச் சூடேற்றியின் ஒரு நாளைய உழைப்பு முழுவதும் போய்விடும். மொத்தமே 10 சதுர மீட்டர் வைத்திருக்கும் குடியானவர் முதல் நாளிலேயே இதைச் செய்தால், ஈரம் மிகுந்த பருப்பைப் பட்டினி போட்டவராவார்.

முதல் நாளில் உலர்த்தியை விட்டு வெளியேறும் காற்று தன் சூட்டைப் பெரும்பாலும் இழந்து, ஈரம் நிரம்பியிருக்கும். அதைக் கல்லில் விட்டால் குளிர்ந்த கல்லின்மேல் நீர் கோத்து, கல்லே பூஞ்சாணத்திற்கு உறைவிடமாகும். ஒருமுறை நாற்றமேறிய கல்லறையைப் பிரித்துக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாம் நாள் பிற்பகலிலிருந்து நிலைமை வேறு. உள் ஈரம் மெதுவாகவே மேலே வருவதால், எவ்வளவு சூடான காற்றைச் செலுத்தினாலும் பருப்பு வேகமாய் உலர மறுக்கிறது. வெளியேறும் காற்று சூடு குறையாமலும் ஈரமேறாமலும் புகைபோக்கி வழியே வீணாகிறது. இந்தக் காற்றே கல்லுக்கு உரியது. வெளிவாயிலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, உட்புகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் வேற்றுமை 5, 6 டிகிரியாகக் குறையும்போது கதவைத் திருப்பிக் கல்லுக்கு விடுவது எளிய விதி.

நீர், மெழுகு, உப்பு

கல்லறை கட்டச் சௌகரியமில்லாத, பாலிதீன் கூடாரம் மட்டும் வைத்திருப்பவருக்கு நீரே மலிவான சாதனம். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் கறுப்பு வர்ணம் பூசி, நீர் நிரப்பி, வெயில் படும்படி வடபுறச் சுவரோரம் வைத்தால், 15 டிகிரி ஏறி இறங்குவதில் அது 3,000 அலகு தரும். அதாவது 1 கன மீட்டர் ஜல்லியில் ஏறக்குறைய பாதி வேலை. மூடியை இறுக மூடாவிட்டால் கூடாரத்திற்குள் தானே ஈரத்தைப் பரப்பும் என்பது ஒன்றே இதிலுள்ள ஆபத்து.

மெழுகைப் பற்றிப் பெரிதாய்ப் பேசப்படுகிறது. பாரபின் மெழுகு 1 கிலோ உருகும்போது 45 அலகுக்குக் குறையாமல் உஷ்ணத்தை விழுங்கி, உறையும்போது திருப்பித் தருகிறது. அதே வேலைக்கு 11 கிலோ கல் வேண்டும். இது மெய்யே. ஆயினும் உலர்த்திகளுக்கு விற்கப்படும் மெழுகு வகைகள் பெரும்பாலும் 55 முதல் 60 டிகிரியில் உருகுபவை. மேகம் சூழ்ந்த நாளில் சிறு சூடேற்றியின் காற்று 45 டிகிரியைத் தாண்டுவதே கடினம். அன்று மெழுகு உருகாது. உருகாத மெழுகில் அந்த உருகும் உஷ்ணம் சேர்வதில்லை. மிக வேண்டிய நாளில் கைவிடும் சாதனத்திற்கு அதிக விலை கொடுப்பது யோசிக்கத்தக்கது. மேலும் மெழுகு சூட்டை மெதுவாகவே உட்கொள்ளும். உருகும்போது பருத்துக் குழாய்களைப் பிளக்கும். நெருப்புக்கு அருகில் வைக்கத்தகாதது.

உப்பு வகைகளின் அனுபவம் பழையது. 1948இல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து டோவர் என்னும் ஊரில், மேரியா டெல்கெஸ் அம்மையாரின் யோசனைப்படி, குளிர்காலத்தில் ஒரு வீட்டைச் சூடாய் வைக்க 32 டிகிரியில் உருகும் கிளாபர் உப்பு உபயோகிக்கப்பட்டது. சில குளிர்காலங்களுக்குள் உப்பு அடுக்கடுக்காய்ப் பிரிந்து தன் குணத்தை இழந்தது. அந்நாட்டிலேயே டென்வர் நகரில் ஜார்ஜ் லோஃப் என்னும் பொறியியல் அறிஞர் 1957இல் கட்டிய வீட்டில் வெறுங் கல்லே சூட்டைச் சேமித்தது. அவ்வமைப்பு பல பத்து வருஷங்கள் வேலை செய்தது. வீட்டைச் சூடேற்றுவதும் கொப்பரை உலர்த்துவதும் வேறாயினும், பழுது பார்க்க ஆளில்லாத தோப்பில் எது நிலைக்கும் என்பதற்கு இவை உதவும்.

நெருப்பையும் கல்லையும் சேர்த்து உபயோகித்தல்

முதல் இரவில் கல்லை நம்பலாகாது என்பது மேற்கண்ட கணக்கினால் விளங்கும். புதிதாய் உடைத்த பருப்பு, உலராமல் ஓரிரவு கிடந்தாலே மேற்புறம் வழுவழுப்பாகி நாற்றமெடுக்கும். பிறகு எவ்வளவு உலர்த்தினாலும் நிறம் திரும்பாது. ஆகவே எரிபொருளைச் செலவிட வேண்டிய இரவு இதுவே. சிரட்டை புகை குறைந்து எரிவதால் விறகினும் மேலானது. இலங்கையில் பழைமையாய் வழங்கும் கொப்பரைச் சூளைகளில், சிரட்டைகளை ஒன்றினுள் ஒன்றாய்ச் செருகி வரிசையாய் அடுக்கி ஒரு முனையில் தீ வைக்கிறார்கள். தீ மெதுவே மறுமுனைக்கு ஊர்ந்து செல்கிறது. 1916இல் சென்னை அரசாங்கத்தார் தென்னை ஆராய்ச்சிக்கென நிறுவி, இப்போது மத்திய அரசின் கீழுள்ள காசர்கோடு ஆராய்ச்சி நிலையத்தில், புகை கொப்பரையைத் தொடாதபடி சிரட்டையால் எரியும் உலர்த்திகள் அமைக்கப்பட்டுள்ளன. ஒருமுறை மூட்டினால் சில மணி நேரம் ஆள் பாராமலேயே சூடு நிற்பது அவற்றின் சிறப்பு. எம்முறையாயினும் 70 டிகிரிக்கு மேற்போகவிட்டால் மேற்புறம் தீய்ந்து, உள்ளே ஈரம் சிறைப்படும்.

இரண்டாம் இரவு முதல் அடுப்பை மூட்டாமல் கல்லோடு விட்டுவிடலாம். மூன்று இரவும் எரித்து வந்தவருக்கு இரண்டு இரவின் சிரட்டை மிஞ்சும். இரண்டு நாள் தொடர்ந்து வெயிலே காணாத அடைமழையில் கல்லும் வெறுமையாகவே இருக்குமாதலால், அப்போது அடுப்பை மீண்டும் மூட்டத் தயங்கலாகாது. அவ்வாறான வேளைக்கென ஒரு பங்கு சிரட்டையை விற்காமல் நனையாத இடத்தில் வைத்திருப்பது அவசியம்.

இவ்வமைப்பு ஒன்றும் இல்லாதவர்கள்கூடக் களத்தின் சூட்டை இப்போதினும் நன்றாய் உபயோகிக்கலாம். முதல் நாள் மாலையில் ஈரப் பருப்பைக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடுவது தவறு. களத்தின் சூட்டில் எழும் ஆவி தார்ப்பாயின் அடியில் வியர்த்துப் பருப்பின்மேலேயே சொட்டும். அன்று மெல்லிய பரப்பாக விட்டு, மூங்கில் வளைவின்மேல் தார்ப்பாயை உயர்த்திக் கட்டி, இரு முனைகளையும் காற்றோட்டத்திற்குத் திறந்துவைக்க வேண்டும். பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்ற பிறகே குவிக்கலாம். அப்போதும் நாலு மணிக்கு, களம் சூடாயிருக்கும்போதே குவித்து மூட வேண்டும். ஆறு மணிக்குக் குவிப்பவர் குளிர்ந்த களத்தையும் பனியையும் சேர்த்து மூடுகிறார். காலையில் தார்ப்பாயின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்த்து, ஈரம் தென்பட்டால் அன்றிரவு குவியலின் உயரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.